தக்கர் என்றால் என்ன வேலை? ஆங்கிலத் தொழிற்பெயர்களின் பூர்வீகம் தேடுவது எப்படி

பாளையங்கோட்டையில் படித்த பெண்களிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டால் 'தக்கர்' என்று ஒரே சொல்லில் பதில் வரும். சாராள் தக்கர் கல்லூரி என்று முழுசாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். நானும் அங்கே வரலாறு படித்தவள்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷமும் தக்கர் என்பது எனக்கு ஒரு கட்டடத்தின் பெயர், அவ்வளவுதான். சாராள் அம்மையார் இந்தியாவுக்கே வராதவர் என்பதும், அவருடைய சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கத்தின் மிஷனரியாக இருந்தார் என்பதும் தெரியும். தக்கர் (Tucker, ஆங்கில உச்சரிப்பில் 'டக்கர்') என்றால் என்ன என்று யோசித்தது கிடையாது.

மகள் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் குடியேறினாள். அவள் வீட்டுக்குப் போய்த் தங்கத் தொடங்கியபோதுதான் கண்ணில் பட்டது: அங்கே திரும்பிய பக்கமெல்லாம் தக்கர்கள். குழாய் பழுது பார்க்கிறவரின் வேனில் தக்கர், இறைச்சிக் கடைப் பலகையில் தக்கர், கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகத் தக்கர். ஒரு பெயர் ஒரு வட்டாரத்தில் இப்படிக் குவிந்து கிடந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். அதைத் தேடப் போய், தொழிலை வைத்து வந்த ஆங்கிலக் குடும்பப் பெயர்களை, அதாவது தொழிற்பெயர்களை, எப்படித் துருவுவது என்று ஒரு வழி எனக்குப் பிடிபட்டது. தக்கரையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் மேலாளர் பெயரோ, மருமகன் வீட்டுப் பெயரோ, ஊரில் இருக்கும் பழைய சர்ச்சின் கல்வெட்டில் பார்த்த பெயரோ, எதை வேண்டுமானாலும் இந்த வழியில் தேடலாம்.

முதலில் அது தொழிற்பெயர்தானா?

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்தவை: இடம், தகப்பன் பெயர், பட்டப்பெயர், தொழில். நம் பக்கத்திலேயே நான்குக்கும் உதாரணம் இருக்கிறது. 1911ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்டாரே கலெக்டர் ஆஷ், அந்தப் பெயர் ஆஷ் என்ற மரத்தின் பக்கத்தில் குடியிருந்தவரைக் குறிக்கும். இடையன்குடி கால்டுவெல் பெயரும் இடப்பெயர்தான், குளிர்ந்த ஊற்று இருந்த ஊர். சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி வேல்ஸ்காரர். 'அப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன் என்பது ஒட்டிக்கொண்டு பாரி ஆகிவிட்டது. ஜி.யு.போப் முன்னோர் யாரும் ரோமாபுரியில் ஆட்சி செய்யவில்லை. ஊர் நாடகத்தில் போப் வேஷம் கட்டியவருக்கோ, துறவி மாதிரி விறைப்பாகத் திரிந்தவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயர் அது. அதே போப் 1842ல் போய் இறங்கிய சாயர்புரம், சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயரைத் தாங்கிய ஊர். சாயர் என்றால் மரம் அறுப்பவர். இது சுத்தமான தொழிற்பெயர்.

ஆக, கிங், பிஷப், போப் மாதிரிப் பெயர்களைப் பார்த்தவுடன் தொழில் என்று முடிவு கட்ட வேண்டாம். அரசரும் ஆயரும் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு விட்டுப் போகும் வாய்ப்பு ரொம்பக் குறைவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. தொழிற்பெயர் மாதிரியே தெரியாத தொழிற்பெயர்கள். மெரினா பக்கம் போனால் நேப்பியர் பாலம் கடப்போம். 1869ல் கட்டியது, அப்போது கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல் பெரிய மாளிகைகளில் மேஜை விரிப்புகளையும் துணிகளையும் பார்த்துக்கொண்ட ஆளைக் குறிக்கும். ஸ்காட்லாந்தில் இதற்கு வேறு கதை சொல்வார்கள். ஒரு போரில் முன்னோர் ஒருவர் காட்டிய வீரத்தைப் பார்த்து அரசர் 'இவனுக்கு நிகர் இல்லை' என்றாராம், அந்த 'நே பியர்' தான் நேப்பியர் ஆயிற்றாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு பெயருக்கு அரசரும் போரும் வீர வசனமும் சேர்ந்து ஒரு கதை கிடைத்தால் உஷாராகிவிடுங்கள். பெயர்கள் அப்படிப் பிறப்பது அரிது. வரி வசூலிக்க வந்த எழுத்தர், ஒரே ஊரில் இருந்த ஐந்தாறு ஜான்களைப் பிரித்துக் காட்ட எழுதிவைத்த அடையாளம்தான் பெரும்பாலான பெயர்கள். மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கடையும் இந்த ரகம்தான். ஸ்பென்சர் என்றால் பெரிய வீட்டின் சாமான் அறையிலிருந்து அரிசி பருப்பு அளந்து கொடுக்கிறவர் மாதிரியான ஆள். மளிகையும் மற்றதும் விற்ற கடைக்கு அந்தப் பெயர் அமைந்தது தற்செயல்.

இன்றைய அர்த்தம் காலை வாரிவிடும்

புதிதாகத் தேடுகிறவர்கள் விழும் பள்ளம் இதுதான். பெயர் இன்றைய ஆங்கிலச் சொல் மாதிரி இருக்கும், அர்த்தம் வேறாக இருக்கும். ஃபார்மர் என்ற குடும்பப் பெயர் உழவரைக் குறித்ததில்லை. ஒரு நிலத்தின் வரியையோ குத்தகையையோ மொத்தமாக ஒரு தொகைக்கு ஏலம் எடுத்து வசூலித்தவர் ஃபார்மர். கோவர்ட் என்றால் கோழை இல்லை, பசு மேய்த்தவர். கோலியர் நிலக்கரி வெட்டியவரை விடக் கரிமூட்டம் போட்டு மரக்கரி எரித்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஷெர்மன் என்பதில் கத்தரிக்கோல் உண்டு, ஆனால் ஆட்டின் முடியைக் கத்தரித்தவர் இல்லை; நெய்து முடித்த கம்பளித் துணியின் மேல் எழும்பிய இழைகளைச் சீராகக் கத்தரித்தவர். வாக்கர் நடந்து திரிந்தவர் இல்லை. அவரிடம் பிறகு வருகிறேன், அவர் தக்கருக்கு உறவு.

தக்கரிலும் இந்தப் பள்ளம் உண்டு. மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவரின் தாய்வழி தக்கர். பள்ளிக்கூடங்களில் மிட்டாய் விற்கும் கடையை அங்கே 'டக் ஷாப்' என்பார்கள். அதனால் தன் முன்னோர் பலகாரக் கடைக்காரர்கள் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். தின்பண்டம் என்ற அந்த அர்த்தம் பள்ளிக்கூடப் பையன்களின் பேச்சு வழக்கில் வெகு காலம் கழித்து வந்தது. குடும்பப் பெயரோ 13ஆம் நூற்றாண்டுப் பதிவுகளிலேயே இருக்கிறது. இதில் ஒரு சோதனை இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் நினைக்கும் அர்த்தம், அந்தப் பெயர் முதலில் தென்படும் காலத்தில் அந்த மொழியில் இருந்ததா?

இதைப் பார்க்க இன்றைய அகராதி உதவாது. மிச்சிகன் பல்கலைக்கழகம் தொகுத்த நடுக்கால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலத்துக்கு அதுதான் கதி. தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூடிவிடாதீர்கள். தக்கரை டோக்கர், டூக்கர், டவுக்கர் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். உயிரெழுத்தை மாற்றிப் போடுங்கள், கே வரும் இடத்தில் சி, சிகே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வருஷத்தோடு மேற்கோள்கள் இருக்கும். தொழிலைக் குறிக்கும் சொற்களில் பல மேற்கோள்கள் பழைய பட்டியல்களில் வந்த ஆட்பெயர்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

அப்புறம், 2016ல் ஆக்ஸ்ஃபோர்டு நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி. 45,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. விலையைப் பார்த்தால் மயக்கம் வரும், பெரிய நூலகத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சரி. பழைய குடும்பப் பெயர் அகராதிகள் சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். இது பெயர் எந்த வட்டாரத்தில் எப்போதெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறது. குறித்துக்கொள்ள வேண்டியது மூன்று: மிகப் பழைய பதிவின் வருஷம், அது எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), எப்படி எழுதப்பட்டிருக்கிறது.

சரி, தக்கரின் வேர் என்ன? பழைய ஆங்கிலத்தில் 'டூக்கியன்' என்ற வினைச்சொல். வதைத்தல், படுத்தி எடுத்தல் என்று பொருள். யாரை வதைத்தார்கள்? துணியை.

அந்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்

'ஃபுல்லிங் செய்பவர்' என்று அகராதி ஒரு வரியில் முடித்துவிடும். அதை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. தொழில் என்ன என்று புரிந்தால்தான் பெயர் ஏன் அந்த ஊரில் இருக்கிறது என்பதும் புரியும்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி தளர்வாக, சல்லடை மாதிரி இருக்கும். ஆட்டு முடியின் பிசுக்கும், நெசவுக்காகப் பூசிய எண்ணெயும் அதில் ஊறியிருக்கும். அப்படியே சட்டை தைக்க முடியாது. பிசுக்கை எடுக்கவும், இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகித் துணி கனக்கவும் அதைத் தண்ணீரில் போட்டு மிதிக்க வேண்டும். நம் வீடுகளில் ஜமுக்காளத்தைத் தொட்டியில் போட்டு மிதிப்போமே, அதே மாதிரி, ஆனால் மணிக்கணக்காக. தண்ணீரோடு சேர்த்தது இரண்டு பொருள். ஒன்று, நாள்பட்ட சிறுநீர். அதில் உண்டாகும் அம்மோனியா பிசுக்கை வெட்டும். இன்னொன்று ஒரு வகைக் களிமண். அதற்கு ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். நம் ஊரில் முகத்துக்குப் பூச முல்தானி மட்டி என்று வாங்குகிறோமே, அந்த ரகம்தான்.

மிதித்து முடித்தால் துணி நன்றாகச் சுருங்கிவிடும். அதை நீளமான மரச் சட்டங்களில் வரிசையாக அடித்த கொக்கிகளில் மாட்டி, இழுத்து, வெயிலில் காயவைப்பார்கள். டெவனின் தலைநகரான எக்ஸிடரில் ரேக் ஸ்ட்ரீட் ('ரேக்' என்றால் சட்டம்) என்று ஒரு தெரு இருக்கிறது, அந்தச் சட்டங்கள் நின்ற இடம். 1698ல் எக்ஸிடருக்கு வந்த சீலியா ஃபியன்ஸ் என்ற பெண் பயணி, துணியைச் சிறுநீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, ஆலையில் இடிப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஊரைச் சுற்றிலும் வயல்களில் துணிச் சட்டங்கள் நின்றதையும் சொல்கிறார்.

ஆலை எப்போது வந்தது? இங்கிலாந்தில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் இந்த ஆலைகள் 1185ல் டெம்ப்ளர் படைத்துறவிகளின் சொத்துக் கணக்கில் தலைகாட்டுகின்றன. சக்கரம் சுழல, மரச் சம்மட்டிகள் தூக்கித் தூக்கித் தொட்டியில் கிடக்கும் துணி மேல் விழும். குடும்பப் பெயர்கள் ஒட்ட ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட அந்தக் காலம். அதனால் ஆதித் தக்கர்களில் காலால் மிதித்தவர்களும் இருப்பார்கள், ஆலை வைத்திருந்தவர்களும் இருப்பார்கள். பெயரை மட்டும் வைத்து ஏழையா பணக்காரரா என்று சொல்ல முடியாது.

எக்ஸிடர் போனால் ஃபோர் ஸ்ட்ரீட்டில் தக்கர்ஸ் ஹால் இருக்கிறது. நெசவாளர், தக்கர், துணி கத்தரிப்பவர் மூவரும் சேர்ந்த சங்கத்தின் கூடம், 1471ல் ஒரு சிற்றாலயமாகத் தொடங்கியது. உள்ளே ஓக் மரக் கூரையைப் பாருங்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, முன்னாலேயே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

ஒரே வேலை, மூன்று பெயர்

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. இந்த ஒரே வேலையைச் செய்தவருக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் தக்கர் என்று பெயர். தெற்கிலும் கிழக்கிலும், சசெக்ஸ், கென்ட், சஃபோக் பக்கம், ஃபுல்லர். வடக்கிலும் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். ஃபுல்லருக்கு வேர் லத்தீன். வாக்கருக்கு வேர், உருட்டிப் புரட்டுதல் என்ற பழைய ஆங்கில வினை. நடப்பது என்ற இன்றைய பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது.

ஆலைகளின் பெயர்களும் இதே கோட்டில் பிரிகின்றன. பாத் நகருக்குத் தெற்கே டக்கிங் மில் என்று ஒரு குக்கிராமம் உண்டு. நிலவியல் படம் வரைந்த வில்லியம் ஸ்மித் வீடு வைத்திருந்த இடம். வடக்கே போனால் வாக் மில்கள். வேல்ஸுக்குள் நுழைந்தால் பாண்டி. டோனிபாண்டி என்ற சுரங்க ஊரின் பாண்டி அதுதான், மதுரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதனால் உங்கள் பெயரின் வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம். இதற்கு 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தன்னார்வலர்கள் முழுசாகப் படியெடுத்துவிட்டார்கள், ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அந்தக் காலத்தில்கூட, ரயில் வந்து ஆட்கள் லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் போனபிறகும், பெரும்பாலான பெயர்கள் சொந்த வட்டாரத்தை விட்டு அதிகம் நகரவில்லை. ஒரு எச்சரிக்கை: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். எந்தப் பெயரை எடுத்தாலும் லண்டனில் நிறையப் பேர் இருப்பார்கள், ஊர் பெரிசு. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால்தான் தக்கர் டெவனிலும் சாமர்செட்டிலும் கெட்டியாக உட்கார்ந்திருப்பது தெரியும்.

பழக வேண்டுமானால் நெசவாளரை எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள். வெப், வெப்பர், வெப்ஸ்டர் மூன்றும் நெசவாளர்தான். வெப்பர் நம் தக்கர்களோடு டெவனில், வெப்ஸ்டர் வடக்கே. 'ஸ்டர்' என்ற விகுதி ஆதியில் பெண்பால். காய்ச்சுகிற பெண் ப்ரூஸ்டர், ரொட்டி சுடுகிற பெண் பேக்ஸ்டர். ஆனால் நடுக்கால வடக்கு ஆங்கிலத்தில் ஆண்களுக்கும் தாராளமாக அதைப் போட்டார்கள். ஆகவே வெப்ஸ்டர் குடும்பம் ஒரு பாட்டியிடமிருந்து கிளம்பியது என்று அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம்.

பெயரா, அடையாளமா?

பழைய பதிவில் 'ஜான் லெ டவுக்கர்' என்று பார்த்தவுடன் முதல் தக்கரைப் பிடித்துவிட்டோம் என்று துள்ளக் கூடாது. அந்த 'லெ' பிரெஞ்சு, ஆங்கிலத்தின் 'தி' மாதிரி. துணி மிதிக்கிற ஜான் என்று எழுத்தர் அடையாளம் போட்டிருக்கிறார். அவருடைய மகன் தச்சு வேலைக்குப் போயிருந்தால் அடுத்த பட்டியலில் வேறு பெயரில் இருப்பார். 1066க்குப் பிறகு நார்மானியப் பிரபுக்களிடம் தொடங்கிய பரம்பரைப் பெயர் வழக்கம், சாதாரண ஜனங்களிடம் வந்து நிலைக்க 1400 வரை ஆயிற்று. வடக்கே இன்னும் தாமதம்.

இரண்டையும் பிரிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. பெயரும் தொழிலும் வேறுபடும் இடத்தைத் தேடுங்கள். 'தாமஸ் தக்கர், கொல்லர்' என்று ஒரு வரி கிடைத்தால், தக்கர் அங்கே பரம்பரைப் பெயராகிவிட்டது. இதற்குத் தலைவரிப் பட்டியல்கள் பொக்கிஷம். 1377, 1379, 1381 என்று மூன்று முறை அந்த வரியைப் போட்டார்கள். 1377ல் 14 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஆளுக்கு 4 பென்னி. 1379ல் தகுதிக்கேற்ப வரி என்றதால் யார்க்ஷயரின் வெஸ்ட் ரைடிங் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதினார்கள். 1381ல் 12 பென்னி என்று ஏற்றினார்கள். மக்கள் கிளம்பிவிட்டார்கள், அதுதான் பிரசித்தி பெற்ற விவசாயிகள் கலகம். நார்ஃபோக்கில் அந்தக் கலகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜெஃப்ரி லிட்ஸ்டர். லிட்ஸ்டர் என்றால் சாயம் போடுகிறவர், அவரும் சாயக்காரரேதான். பெயரும் தொழிலும் இப்படி ஒத்துப்போகிற இடத்தில் அது தகப்பன் கொடுத்ததா, ஊரார் கொடுத்ததா என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் லத்தீன். எழுத்தர்கள் லத்தீனில் எழுதுவார்கள். கொல்லர் எல்லாரும் ஃபேபர், நெசவாளர் டெக்ஸ்டர், ரொட்டிக்காரர் பிஸ்டர், செருப்புத் தைப்பவர் சூட்டர். துணி மிதிப்பவர் ஃபுல்லோ. ஒரு பட்டியலில் 'ராபர்ட்டஸ் ஃபுல்லோ' என்று இருந்தால் அவரைத் தெருவில் தக்கர் என்று கூப்பிட்டார்களா, வாக்கர் என்றா, ஃபுல்லர் என்றா? ஊரைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். டெவனாக இருந்தால் தக்கர் என்று துணிந்து பென்சிலால் எழுதலாம். பேனா வேண்டாம்.

உங்கள் கிளையைப் பிடிப்பது

பெயரின் கதை ஒன்று, குடும்பத்தின் கதை வேறொன்று. குடும்பத்தை இன்றிலிருந்து பின்னோக்கித்தான் தேட வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் ஒரு தக்கரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வர முயன்றால் ஆயுள் போதாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1ல் தொடங்குகிறது. ஃப்ரீபிஎம்டி தளத்தில் அட்டவணை இலவசம். கணக்கெடுப்பில் 1841 முதல் ஆட்பெயர் உண்டு. ஆனால் அந்த வருஷம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 என்று இருந்தால் திகைக்காதீர்கள். எந்தச் சபை எல்லையில், அதாவது எந்தச் சர்ச்சைச் சேர்ந்த பகுதியில், பிறந்தவர் என்பது 1851 முதல்தான் கிடைக்கும். அதுதான் அடுத்த கதவுக்குச் சாவி. அதற்கு முன்னால் போகச் சபைப் பதிவேடுகள். 1538ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டு எல்லாச் சபைகளிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதவைத்தார். எல்லா ஊரிலும் அந்த வருஷத்து ஏடு பிழைத்திருக்காது. 1752க்கு முன் அங்கே வருஷம் மார்ச் 25ல்தான் பிறந்தது. 1640 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1641. கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்கு ஞானஸ்நானமா என்று ஒரு குடும்பத்தின் மேல் வீண்பழி போடாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

டெவனில் தேடுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். 1942 மே மாதக் குண்டுவீச்சில் எக்ஸிடரில் இருந்த உயில்கள் எரிந்து போயின. மற்ற கவுண்டிக்காரர்கள் உயிலை வைத்து மூன்று தலைமுறையை ஒரே நாளில் கட்டிவிடுவார்கள், இங்கே அது நடக்காது. அதற்கு ஆறுதலாக, 1641–42ல் 18 வயது நிரம்பிய ஆண்களிடம் வாங்கிய பிரமாணப் பட்டியல் டெவனுக்கு நன்றாகவே பிழைத்திருக்கிறது. உங்கள் சபையில் எத்தனை தக்கர் வீடுகள் இருந்திருக்கும் என்று அதில் எண்ணிவிடலாம். இன்னும் பின்னால் 1332 வரிப் பட்டியல் உண்டு, அச்சிலேயே வந்திருக்கிறது.

அடுத்த வீட்டுப் பெரியவரின் தாய்வழியை இப்படித்தான் தேடினோம். 1851ல் கிரெடிட்டன் பக்கத்தில் பண்ணைக் கூலிகள். அதற்கு முன் அதே சுற்றுவட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிகள், ஒரு கூரை வேய்பவர், ஒரு செருப்புத் தைப்பவர். துணி மிதித்த தக்கர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இது சாதாரணம். பெயர் ஒட்டிய தலைமுறைக்கும் நமக்குக் கிடைக்கும் முதல் ஏட்டுக்கும் நடுவே 200, 300 வருஷம் இருக்கிறது. கிரெடிட்டன் கம்பளிக்குப் பேர்போன ஊர் என்பதும், வரைபடம் அந்த வட்டாரத்தையே காட்டுவதும் சேர்ந்து பெயரின் அர்த்தத்துக்குப் பலம் தருகின்றன. குடும்ப மரத்தில் அவரை மாட்டிவைக்க மட்டும் அது போதாது.

ஒரே பெயர், வேறு ரத்தம்

தொழிற்பெயர்களில் இதை மறக்கவே கூடாது. எத்தனை ஊரில் கொல்லர் இருந்தாரோ அத்தனை ஸ்மித் குடும்பங்கள் தனித்தனியாக முளைத்தன. தக்கரும் அப்படியே. இந்திய வரலாற்றிலேயே சாராள், ஜான் தவிர வேறு தக்கர்கள் வருகிறார்கள். பஞ்சாபில் படாலாவில் மிஷனரியாக இருந்த எழுத்தாளர் சார்லட் தக்கர் ஒருவர். 1882ல் பம்பாயில் இரட்சணிய சேனையைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் தக்கர் இன்னொருவர். உறவா இல்லையா என்பதை ஏடுதான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லாது. அந்த ஃபிரெட்ரிக், சேனையின் நிறுவனர் வில்லியம் பூத்தின் மகளைக் கட்டியபின் பூத்-தக்கர் ஆனார். பூத் என்பது மாட்டுக் கொட்டகை, குடிசை இருந்த இடத்தைக் குறிக்கும் பெயர். ஒரு இடப்பெயரும் ஒரு தொழிற்பெயரும் ஒரே ஆளின் தலையில்.

கணவர் பெயரை மனைவி எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் கவனியுங்கள். மார்கரெட் தாட்சர் கூரை வேய்பவர் வம்சம் என்று எழுதினால் தப்பு. அவர் பிறந்தது ராபர்ட்ஸ் ஆக, அது தகப்பன் பெயர் ரகம்.

அயர்லாந்தில் இன்னும் சிக்கல். ஐரிஷ் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓசையிலோ பொருளிலோ நெருங்கிய ஆங்கிலப் பெயரை மாட்டிவிட்டார்கள். காவன் மாவட்டத்து ஸ்மித்கள் பலர், கொல்லரின் மகன் என்று பொருள்படும் மக்கவன் குடும்பத்தார். அமெரிக்காவிலும் கரீபியனிலும் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் சந்ததியார் பலர் எஜமானர்களின் பெயரைச் சுமக்கிறார்கள். அங்கே ஒரு தக்கரின் பெயர் டெவனுக்குப் போகும், அவருடைய முன்னோர் ஆப்பிரிக்காவுக்குப் போவார்கள். நம் தென்மாவட்டங்களிலும் மிஷனரி பெயரைப் பிள்ளைக்கு வைப்பது உண்டு. அங்கே ஒரு போப்பையோ கால்டுவெல்லையோ சந்தித்தால் இந்த வழிகாட்டியை எடுத்துக்கொண்டு லண்டன் ஏடுகளைப் புரட்ட வேண்டாம். அவருடைய தாத்தாவிடம் எந்தச் சபை என்று கேட்டாலே போதும்.

கடைசியாக ஒரு விஷயம். சுற்றுலா ஊர்களில் உங்கள் பெயரைச் சொன்னால் 'குடும்பச் சின்னம்' அச்சிட்டுச் சட்டம் போட்டுத் தருவார்கள். இங்கிலாந்தில் சின்னம் என்பது குறிப்பிட்ட ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் கொடுக்கப்படுவது, பெயருக்குக் கொடுக்கப்படுவது இல்லை. அதைக் கவனிப்பதற்கென்றே 1484 முதல் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்று ஒரு அமைப்பு லண்டனில் இருக்கிறது. அந்தக் கடையில் கொடுக்கும் காசுக்குக் கொள்ளுத்தாத்தாவின் கல்யாணச் சான்றிதழ் நகல் வாங்குங்கள். அதில் மாப்பிள்ளையின் தகப்பன், பெண்ணின் தகப்பன் இருவரின் பெயரும் தொழிலும் எழுதியிருக்கும்.